சொன்ன பிள்ளைக்கு என்ன நடக்கிறது?

நாங்குநேரி வட்டத்தில் ஒரு பஸ் நிறுத்தம். காலை எட்டேகால் இருக்கும். பஸ்ஸை விட்டு இறங்கிய பிளஸ் ஒன் பையன் ஒருவன் வலது மணிக்கட்டை வாயருகே கொண்டுபோய் முடிச்சைக் கடித்து இழுத்தான். இரண்டு நிறம் முறுக்கிய கயிறு அவிழ்ந்து வந்தது. பையைத் திறந்து ஜியாமெட்ரி பாக்ஸுக்குள், கவராயத்துக்கு அடியில், அதைச் சுருட்டி வைத்தான். பிறகு பெட்டிக்கடைக்குப் போனான். கடைக்காரர் நீட்டிய பிஸ்கட் டின்னுக்குள் ஏற்கெனவே ஏழெட்டு செல்போன்கள் கிடந்தன. தன்னுடையதைப் போடுவதற்கு முன் கூட்டாளிகள் இரண்டு பேருக்கு அதில் எதையோ காட்டினான். எட்டிப் பார்த்தேன், பார்த்திருக்கக் கூடாதுதான். வாட்ஸாப் ஸ்டேட்டஸ். ஒரு தலைவரின் படம், அதற்குச் சட்டம் போட்டதுபோலச் சுற்றிலும் அதே இரண்டு நிறங்கள்.

சாதிக் கயிறு பள்ளிக்கூட வாசலோடு நின்றுவிட்டது. நிறம் நிற்கவில்லை.

மாணவர்களின் இணையப் பாதுகாப்பு பற்றி நடக்கும் விழிப்புணர்வுக் கூட்டங்களில் பெரும்பாலும் முன்பின் தெரியாத ஆளைப் பற்றித்தான் எச்சரிக்கிறார்கள். எங்கிருந்தோ பேசுவான், ஓ.டி.பி. கேட்பான், படம் அனுப்பச் சொல்வான், ஏமாறாதே. அப்படியும் நடக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் திருநெல்வேலிச் சீமையில் நான் பார்த்த மட்டில், பிள்ளைகளை அலைக்கழிக்கும் விஷயங்கள் அடுத்த பெஞ்சிலிருந்தும் அடுத்த தெருவிலிருந்தும் வருகின்றன. அனுப்பியவன் யாரென்று பிள்ளைக்குத் தெரியும். அவன் எந்தத் தெரு, அவன் அண்ணன் யார், எந்த பஸ்ஸில் ஏறுவான் என்பது வரை தெரியும். அவ்வளவு தெரிவதால்தான் வாய் திறப்பதில்லை.

கயிற்றுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 2018-ஆம் ஆண்டு அணியைச் சேர்ந்த பயிற்சி ஐ.ஏ.எஸ். அதிகாரிகள் சிலர், தமிழ்நாட்டுப் பள்ளிகளில் மாணவர்கள் சாதியைக் காட்டும் நிறக் கயிறுகள் கட்டுவதைப் பார்த்துவிட்டுப் புகார் எழுதினார்கள். அதை வைத்து 2019-இல் பள்ளிக் கல்வி இயக்குநரிடமிருந்து சுற்றறிக்கை ஒன்று போயிற்று: எந்தப் பள்ளிகளில் இது நடக்கிறது என்று கண்டறிந்து நிறுத்துங்கள். எதிர்ப்புக் கிளம்பியது. பழைய நிலையே தொடரும் என்று அப்போதைய அமைச்சர் சொல்லிவிட்டார். மூன்று வருடம் கூட ஆகவில்லை. 2022 ஏப்ரலில் அம்பாசமுத்திரம் பக்கத்து அரசுப் பள்ளி ஒன்றில் இதே கயிற்றை வைத்து எழுந்த மோதலில் பிளஸ் டூ மாணவன் ஒருவனின் உயிர் போயிற்று.

அடுத்தது 2023 ஆகஸ்ட், நாங்குநேரி. பிளஸ் டூ மாணவனையும் அவன் தங்கையையும் வீட்டுக்குள் புகுந்து அரிவாளால் வெட்டினார்கள், வெட்டியவர்களும் பள்ளி மாணவர்கள். அந்தச் செய்தியில் எல்லோருக்கும் நினைவிருப்பது அரிவாள். எனக்கு மறக்காதது அதற்கு முன்னால் நடந்தது. அந்தப் பையன் தொல்லை தாங்காமல் பள்ளிக்குப் போவதை நிறுத்தியிருக்கிறான். ஏன் வரவில்லை என்று பள்ளியிலிருந்து கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்வி, அக்கறையான கேள்வியும்கூட. அவன் நடந்ததைச் சொன்னான். சொன்ன பிறகு, அன்று இரவே, வெட்டு விழுந்தது.

இந்த ஒரு வரிசையை விட்டுவிட்டு மாணவர் நலம் பற்றி எது பேசினாலும் அது அந்தரத்தில் நிற்கும். சொல், சொல் என்று பிள்ளைகளிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறோம். சொன்ன பிள்ளைக்கு அன்று மாலை என்ன நடக்கிறது, எந்த வழியாக வீட்டுக்குப் போகிறான், அவன் சொன்ன செய்தி எத்தனை மணிக்கு எந்தத் தெருவுக்குப் போய்ச் சேர்கிறது என்பதை யார் யோசிக்கிறார்கள்?

எல்லாவற்றையும் சாதிக் கணக்கில் எழுதிவிடவும் முடியாது. 2025 ஏப்ரலில் பாளையங்கோட்டைத் தனியார் பள்ளி ஒன்றின் வகுப்பறையில் எட்டாம் வகுப்பு மாணவன் சக மாணவனை அரிவாளால் வெட்டினான். தடுக்கப் போன ஆசிரியைக்கும் காயம். பென்சிலை வைத்து வந்த பழைய மனத்தாங்கல் என்று செய்திகள் கூறின. பென்சில் தகராறு எல்லா வகுப்பிலும் உண்டு. அது ஆறாமல் ஒரு சிறுவனின் மனத்துக்குள் அத்தனை நாள் கிடந்து புளித்திருக்கிறது. சொல்வதற்கு இடமில்லாதது அடிக்கிறவனுக்கும் உள்ள குறைதான் போலும்.

நாங்குநேரிக்குப் பிறகு அரசு அமைத்த நீதியரசர் கே.சந்துருவின் ஒருநபர் குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. பள்ளிப் பெயர்களிலிருந்து சாதிப் பெயரை எடுப்பது, கயிறு, மோதிரம், நெற்றிக்குறி ஆகியவற்றைத் தடுப்பது, அகர வரிசையில் மாணவர்களை உட்கார வைப்பது, பள்ளியில் செல்போனைத் தடைசெய்வது, பள்ளி நல அலுவலர்களை நியமிப்பது, ஆசிரியர்களைக் குறிப்பிட்ட காலத்துக்கொருமுறை இடம் மாற்றுவது என்று அது நீள்கிறது. சைக்கிளுக்குச் சாதி நிறம் அடித்துக்கொண்டு வருவதையும் அது விடவில்லை. அரசு இலவசமாகக் கொடுத்த சைக்கிள், எல்லோருக்கும் ஒரே நிறம். வீட்டுக்குப் போய் இரண்டு நாளில் அதன் பாருக்கு வேறு நிறம் ஏறிவிடுகிறது. இங்கே ஊரில் வளர்ந்தவர்களுக்கு இது புதிய செய்தி இல்லை. எழுத்தில் வந்ததுதான் புதிது.

அறிக்கை சொல்லும் பலவும் கண்ணுக்குத் தெரிகிறவற்றைப் பற்றியவை. மணிக்கட்டைப் பார்க்கலாம், நெற்றியைப் பார்க்கலாம், சைக்கிளைப் பார்க்கலாம். ஸ்டேட்டஸை எந்த ஆசிரியர் பார்ப்பது?

அது எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். ஸ்டேட்டஸ் 24 மணி நேரம் இருக்கும், பிறகு தானாக மறைந்துவிடும். போட்டவன் யார் பார்க்கலாம் என்று முடிவு செய்துகொள்ளலாம்; சார், டீச்சர் எண்களை விலக்கிவிட்டால் போதும். பார்த்தவர் பட்டியலும் அவனுக்குத் தெரியும். எதிர்த் தெருப் பையன் அதைப் பார்த்தான் என்பது தெரியும், பார்த்துவிட்டுப் பேசாமல் இருக்கிறான் என்பதும் தெரியும். அவன் பதிலுக்குத் தன் ஸ்டேட்டஸில் ஒரு வசனம் போடுவான். யார் பெயரும் இருக்காது. நம் ஊர்த் தெருக்குழாயடியில் குடத்தை நங்கென்று வைத்துவிட்டு ஜாடையாக ஏசுவார்களே, அதே கலை. ‘உன்னையா சொன்னேன்?’ என்று கேட்டுவிடலாம். குழாயடியில் தண்ணீர் நின்றதும் சண்டையும் கலைந்துவிடும். இங்கே ஸ்டேட்டஸைப் படம் பிடித்துத் தெருக் குழுவில் போட்டுவிடுகிறார்கள். அந்தக் குழுவில் பள்ளிப் பிள்ளைகள் மட்டுமா இருக்கிறார்கள்? திருப்பூரில் வேலைக்குப் போன அண்ணன், மும்பையில் கடை வைத்த சித்தப்பா, வளைகுடாவில் இருக்கும் மச்சான், எல்லோரும் இருக்கிறார்கள். ஊரை விட்டுப் போய்ப் பத்து வருடமானவருக்கு ஊர் மீது வரும் ரோஷம் தனி ரகம். காலை பதினொரு மணி இடைவேளையில் நடந்த உரசல் மாலை நான்கு மணி பஸ்ஸுக்குள் இரண்டு தெருக்களின் பிரச்சினையாகி, பஸ் நிலையத்தில் வந்து காத்திருக்கும். பள்ளி வளாகத்துக்குள் ஒன்றும் நடக்கவில்லை என்று பதிவேடு சொல்லும், அதுவும் உண்மையாகவே இருக்கும்.

பெண் பிள்ளைகளின் கதை வேறு.

முக்கூடல், ஆலங்குளம், மேலப்பாளையம் பக்கங்களில் பல வீடுகளில் அம்மா மடியில் முறத்தை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருப்பார். வீட்டுக்கு ஒரு நல்ல போன். அதுவும் 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடியபோது ஆன்லைன் வகுப்புக்கென்று கடன் வாங்கி வாங்கியது. பள்ளி திறந்தது, போன் மட்டும் வீட்டிலேயே நின்றுவிட்டது. அம்மாவுக்குக் கணக்குத் தொடங்கிக் கொடுத்ததும் மகள், பாஸ்வேர்டு வைத்ததும் மகள். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிரம்பாதவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்கிறது. நல்ல சட்டம். இந்த வீட்டில் பெற்றோரின் ஒப்புதலைப் பெற்றோர் சார்பில் அழுத்தப் போகிறவள் அந்தப் பிள்ளைதான்.

அந்த வீட்டுப் பெண்ணின் படத்தை ஒருவன் எடுத்து மாற்றி வேலை செய்து, அனுப்பிவிடுவேன் என்று மிரட்டுகிறான் என்று வையுங்கள். அவள் அம்மாவிடம் சொன்னால் முதலில் என்ன நடக்கும்? போன் பிடுங்கப்படும். இரண்டாவது, பள்ளிக்கூடம் நிற்கும். மூன்றாவது, மாமன் வீட்டில் பேச்சு எடுப்பார்கள். மிரட்டுகிறவனுக்கு இந்த மூன்றும் தெரியும். அவன் கையில் இருக்கும் ஆயுதம் படமல்ல, அவள் வீட்டின் பயம். பள்ளிக்கூடத்தில் நடந்த பெற்றோர் கூட்டம் ஒன்றில் ஒரு தாய் எழுந்து, ‘சார், போனை வாங்கி வைத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடுமா?’ என்று கேட்டார். அதற்குப் பேச வந்தவரிடம் பதில் இல்லை. ‘வாங்கி வைத்தால் அடுத்த முறை உங்களிடம் சொல்ல மாட்டாள்’ என்று பின்வரிசையிலிருந்து இன்னொரு தாய்தான் சொன்னார். அன்றைய கூட்டத்தில் உருப்படியான வாக்கியம் அது ஒன்றுதான்.

சட்டம் இந்த இடத்தில் பலமாகவே இருக்கிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவு, 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களின் ஆபாசப் படங்களை உருவாக்குவது, பரப்புவது, தேடிப் பார்ப்பது எல்லாவற்றையும் குற்றமாக்குகிறது; முதல் முறைக்கே ஐந்து ஆண்டு வரை சிறை. போனில் இறக்கி வைத்துக்கொள்வது மட்டும் குற்றமாகாது என்று 2024 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் கூறியது. அதே ஆண்டு செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்து, அழிக்காமலும் தெரிவிக்காமலும் வைத்திருப்பதே தண்டனைக்குரியதாக முடியலாம் என்று தீர்ப்புச் சொன்னது. வகுப்புக் குழுவில் வந்ததைச் சிரித்துக்கொண்டே இன்னொரு குழுவுக்குத் தள்ளிவிடும் பையன்களுக்கு இது தெரியாது. ‘நானா எடுத்தேன், வந்ததை அனுப்பினேன்’ என்பதுதான் அவர்கள் வாதம். பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் ஆசிரியர்களுக்கும் ஒரு கடமையை வைத்திருக்கிறது: குற்றம் நடந்தது தெரிந்தால் போலீசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும், மறைத்தால் மறைத்தவருக்கும் தண்டனை. ‘பள்ளியின் பெயர் கெட்டுவிடும்’ என்று உள்ளேயே பேசி முடிக்கப் பார்க்கிறவர்கள் இந்தப் பிரிவை ஒருமுறை வாசித்துவிட்டுப் பேச உட்காரலாம். பாதிக்கப்பட்ட பிள்ளையின் அடையாளத்தை வெளியிடக் கூடாது என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது.

படம் பரவாமல் தடுக்க ஒரு வழியும் உண்டு, நம் பள்ளிகளில் யாரும் சொல்லித்தருவதில்லை. ‘டேக் இட் டவுன்’ என்ற இலவசச் சேவை 2023-இலிருந்து இருக்கிறது, 18 வயதுக்குட்பட்டபோது எடுக்கப்பட்ட படங்களுக்கு மட்டும். அதில் படத்தை யாருக்கும் அனுப்ப வேண்டியதில்லை. பிள்ளையின் போனிலேயே படம் ஒரு நீண்ட எண்ணாக மாற்றப்படுகிறது. கைரேகை மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். ரேகையைக் கொண்டு ஆளை அடையாளம் காணலாம், ரேகையிலிருந்து முகத்தை வரைய முடியாது. அந்த எண் மட்டும் இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் போன்ற நிறுவனங்களுக்குப் போகிறது. அதே படம் அங்கே ஏறினால் பொருத்திப் பார்த்து எடுத்துவிடுவார்கள். பெயர் கொடுக்க வேண்டாம், வீட்டில் தெரிய வேண்டாம். வாட்ஸாப்பின் மூடிய குழுக்களுக்குள் இது எட்டாது என்பது பெரிய ஓட்டை; நம் ஊரில் பாதிச் சண்டை அங்கேதான். இருந்தாலும், சொல்ல ஆளில்லாத ஒரு பிள்ளை ராத்திரி பதினொரு மணிக்குத் தன்னந்தனியாகச் செய்துகொள்ளக்கூடிய காரியம் ஒன்று இருக்கிறதே, அதைச் சொல்லித்தர ஐந்து நிமிடம் போதும்.

இணைய மோசடியில் பணத்தை இழந்தால் அழைக்க வேண்டிய எண் 1930. பிள்ளைகளுக்கு எந்த ஆபத்தானாலும் 1098. பள்ளி தொடர்பான உதவிக்கு 14417. மனம் சரியில்லை என்றால் பேச டெலி மானஸ், 14416. கடைசி இரண்டுக்கும் ஒரு எண்தான் வித்தியாசம், மாற்றி அழைத்துவிட்டுக் குழம்பியவர்களைப் பார்த்திருக்கிறேன். அழைக்கப் போன் வேண்டுமே, அது அப்பா சட்டைப் பையிலோ பிஸ்கட் டின்னிலோ அல்லவா இருக்கிறது?

போன் இல்லாத பிள்ளைக்குப் பெட்டி. அரசுப் பள்ளிகளில் ‘மாணவர் மனசு’ என்று எழுதிய புகார்ப் பெட்டி வைத்திருக்கிறார்கள். யோசனை நல்லது. நான் போன ஒரு பள்ளியில் அது தலைமையாசிரியர் அறைக்கு நேர் எதிரே, தூணில் மாட்டியிருந்தது. கண்காணிக்க வசதி. ஆனால் அந்தத் தூணுக்குப் போகிற பிள்ளையை இரண்டு வகுப்பறைகளின் ஜன்னல்களும் பார்க்கும். பெட்டிக்குள் காகிதம் விழுவதற்கு முன்பே யார் போட்டது என்ற செய்தி வகுப்புக்குள் விழுந்துவிடும். சாவி யாரிடம் என்று கேட்டேன். அலுவலகத்தில் இருக்கிறது என்றார்கள். அலுவலகத்தில் இருப்பவர் எந்தத் தெரு என்று நான் கேட்கவில்லை. பிள்ளைகள் கேட்காமலே தெரிந்து வைத்திருப்பார்கள். பெட்டியைக் கழிப்பறை போகும் வழியில், எல்லோரும் எப்படியும் போகிற பாதையில் மாட்டினால் என்ன? செலவு ஒரு ஆணி.

2025 ஆகஸ்டில் அரசு தொடங்கிய ‘அகல் விளக்கு’ திட்டம் ஒன்பது முதல் பிளஸ் டூ வரை படிக்கும் பெண்களுக்கு இணையத் தொல்லை உள்பட எல்லாவற்றையும் ஆசிரியைகளோடு பேச வழி செய்கிறது. அது எந்தப் பள்ளியில் உயிரோடு இருக்கிறது என்பது பெரும்பாலும் அங்கிருக்கும் ஒரு டீச்சரைப் பொறுத்தது. அந்த டீச்சரிடம் பிள்ளைகள் முதலில் சொல்வது பெரிய விஷயமாக இருக்காது. சானிட்டரி நாப்கின் தீர்ந்துவிட்டது என்பார்கள், தலைவலி என்பார்கள். ஆழம் பார்க்கிறார்கள். இந்தச் சின்ன விஷயம் வெளியே கசிகிறதா என்று ஒரு மாதம் பார்த்துவிட்டுத்தான் பெரியதைக் கொண்டுவருவார்கள். பிள்ளைகள் வைக்கும் இந்தத் தேர்வை எந்தப் பயிற்சிக் கையேட்டிலும் நான் வாசித்ததில்லை.

இனி அணிகள் பற்றி. அரசுப் பள்ளிகளில் 2024-இல் வந்த ‘மகிழ் முற்றம்’ மாணவர்களைக் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று ஐந்து குழுக்களாகப் பிரிக்கிறது. ஐந்திணையும் ஒருங்கே இருக்கும் மண் என்று பழைய திருநெல்வேலி மாவட்டத்தைப் பெருமையாகச் சொல்வோம். பொதிகை மலை, காடு, தாமிரபரணி வயல், உவரிக் கடல், செம்மணல் தேரி. அதனால் இந்தப் பெயர்கள் மற்ற ஊர்களைவிட இங்கே கூடுதலாக ஒட்டுகின்றன. கயிற்றுக்குப் பதில் வேறொரு அடையாளம், தெருவைக் குறுக்கே வெட்டுகிற அடையாளம். கோட்பாடு சரி. ஆனால் பெயர்ப் பட்டியலை எப்படிப் பிரித்தார்கள் என்பதில் எல்லாம் இருக்கிறது. ‘பிள்ளைகள் விருப்பப்படி சேரட்டும்’ என்று விட்ட இடத்தில் நண்பர்கள் நண்பர்களோடு சேர்ந்தார்கள், ஒரு தெரு ஒரு திணையாயிற்று. வருகைப் பதிவேட்டை வைத்து ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிப் பிரித்த இடத்தில் முதல் மாதம் முகச்சுளிப்பு, பிறகு கோலப் போட்டியில் தோற்றதற்குச் சேர்ந்து வருத்தப்பட்டார்கள். அணி மாலை நான்கு மணிக்குக் கலைந்துவிடுகிறது என்பது அதன் எல்லை. ஊர்க் கபடிக் குழுவுக்கு அப்படி நேரம் கிடையாது, அது பெரும்பாலும் ஒரே தெருவின் குழுவும்கூட.

பள்ளிக்கு வெளியே சேர்ந்து செய்கிற வேலைக்குத்தான் இந்த எல்லையைத் தாண்டும் பலம் கொஞ்சம் இருக்கிறது. நம் பக்கம் அதற்கு நல்ல உதாரணம் ஒன்று உண்டு. 2011 முதல் ஆண்டுதோறும் ஜனவரியில் தாமிரபரணிக் குளங்களில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. மணிமுத்தாறிலிருக்கும் அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவளக் காப்பு மையம் முன்னின்று நடத்துவது. மாணவர்களும் போகிறார்கள். நாங்குநேரி வட்டத்திலேயே கூந்தன்குளம் இருக்கிறது. மஞ்சள் மூக்கு நாரைகள் ஊருக்குள் வீட்டு மரங்களில் கூடு கட்டும், அவை மிரளக் கூடாது என்று ஊரார் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. சாதி இல்லாத ஊர் என்று சொல்ல வரவில்லை. எல்லாத் தெருவுக்கும் பொதுவாக ஒரு காரியத்தை விட்டுக்கொடுத்த ஊர்.

பறவை எண்ணுவதில் ஒரு சிறிய ஏற்பாடு இருக்கிறது. பைனாகுலர் வைத்திருப்பவன் கண்ணை எடுக்காமல் எண்ணிச் சொல்ல வேண்டும், பக்கத்தில் இருப்பவன் கோடு போட்டு எழுத வேண்டும். இருவரும் ஒருவரையொருவர் நம்பியே ஆக வேண்டும். நான் கூடப் போன ஒரு ஜனவரிக் காலையில், குளக்கரையில் பனி இன்னும் விலகாத நேரம், பஸ்ஸில் எப்போதும் முன்வாசலில் ஏறும் ஒருவனையும் பின்வாசலில் ஏறும் ஒருவனையும் அவர்களுடைய அறிவியல் ஆசிரியர் ஒரு ஜோடியாக நிறுத்தினார். அரை மணி நேரம் பேச்சில்லை. பிறகு, ‘அரிவாள் மூக்கன் நாற்பத்து மூன்று’ என்றான் ஒருவன். ‘நாற்பத்தொன்று. இரண்டு எருமைக்குப் பின்னால் போய்த் திரும்பி வந்தது, இரண்டு தடவை எண்ணிவிட்டாய்’ என்றான் மற்றவன். சண்டை போட்டார்கள், நல்ல சத்தமாக. ஆசிரியர் குறுக்கே போகவில்லை. கடைசியில் திரும்ப எண்ணி நாற்பத்திரண்டு என்று எழுதினார்கள். எனக்கென்னவோ அது பேரம் என்றுதான் பட்டது. குளத்தில் சேற்றைக் கிளறிக்கொண்டிருந்த அந்தப் பறவைகளின் பெயரை இந்த வட்டாரத்தில் இரண்டு பையன்கள் சிரிப்போடு சொல்லிக் கேட்டது அதுதான் முதல் தடவை.

அந்த இருவரில் ஒருவன் சில வாரம் கழித்துத் தன் தெருக் குழுவில் வந்த ஒரு வீடியோவைப் பற்றி ஆசிரியரிடம் தானாக வந்து சொன்னானாம். என்ன வீடியோ, அதை வைத்து என்ன செய்தார் என்று அவர் என்னிடம் சொல்லவில்லை. சொல்லாததால்தான் அவன் அவரிடம் வந்திருக்கிறான்.

ஆசிரியர்கள் ஒரே ஊரில் வேரூன்றி ஒரு பக்கம் சாய்ந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் சந்துரு குழு இடமாறுதலைப் பரிந்துரைத்தது, அதில் நியாயம் இருக்கிறது. இந்த அறிவியல் ஆசிரியர் ஜூனில் மாறுதலாகிப் போனார், அவராகவே கேட்டு வாங்கியது, பெற்றோர் இருவரும் முதுமையில் தனியாக இருக்கிறார்கள். பைனாகுலர் ஆய்வகத்து பீரோவில் இருக்கிறது. இந்த ஜனவரிக்கு யார் பிள்ளைகளைக் கூட்டிப்போவது என்று பள்ளியில் கேட்டேன். பார்க்கலாம் என்றார்கள். பீரோ சாவியை அலுவலகத்தில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாராம்.